ஆங்கிலத் தொடரில் தலைச்சொல் எங்கே நிற்கிறது?

ஆங்கில வாக்கியத்தில் எழுவாயின் இடத்தில் பெரும்பாலும் ஒற்றைச் சொல் நிற்பதில்லை. ஒரு சொற்கூட்டம் நிற்கும். ‘தி பிரிட்ஜ் ஓவர் தி நெய்யார் அட் அமரவிளை’ என்பதில் ஏழு சொற்கள் உள்ளன. அந்த ஏழையும் எடுத்துவிட்டு ‘இட்’ என்ற ஒரு சொல்லை வைத்தாலும் வாக்கியம் குலையாது. இப்படி ஒரு பெயரைச் சுற்றி அமைந்து, ஒன்றாகவே இயங்கும் கூட்டத்தைப் பெயர்த்தொடர் என்பார்கள். பள்ளிக்கூட வழக்கில் ‘நவுன் ஃபிரேஸ்’. எந்தச் சொல்லைப் பற்றி மற்றவை பேசுகின்றனவோ அதுவே தலைச்சொல். இங்கே ‘பிரிட்ஜ்’ தலைச்சொல். மீதி ஆறும் அது எந்தப் பாலம் என்று சொல்ல வந்தவை.

இதையே தமிழில் ‘அமரவிளையில் நெய்யாற்றின் மேல் உள்ள பாலம்’ என்கிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழ்த் தொடரைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்ததுபோல ஆங்கிலத் தொடர் இருப்பது தெரியும்: பாலம், மேல், நெய்யாறு, இல், அமரவிளை. தமிழில் தலைச்சொல் எப்போதும் கடைசியில் வரும். அதை விளக்கும் எல்லாமே, சிறிதோ பெரிதோ, அதற்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் அது நடுவில் நிற்கும். முன்னால் சில சொற்கள், பின்னால் சில. தமிழ் பேசுவோர் ஆங்கிலம் எழுதும்போது படும் பாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பதுதான்.

அமரவிளை போன்ற ஊர்களில் இந்த வேறுபாடு இரட்டிப்பாகத் தெரியும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லையோரத்துப் பிள்ளைகளின் காதில் தமிழும் மலையாளமும் ஒருசேர விழுகின்றன. பள்ளியில் ஆங்கிலம் வந்து சேர்கிறது. முதல் இரண்டு மொழிகளும் பெயர்த்தொடரை ஒரே வரிசையில்தான் கட்டுகின்றன. ‘நான் கண்ட குழந்தை’ மலையாளத்தில் ‘ஞான் கண்ட குட்டி’. ஆகவே ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளைக்கு ஒரே பழக்கம் இரண்டு மொழிகளில் ஊறியிருக்கிறது.

ஊர்ப்பெயர்களே பெயர்த்தொடர்களாக இருப்பது இங்கே பாடத்துக்கு உதவும். நெய்யாற்றின்கரை என்பதில் ‘கரை’ தலைச்சொல். ‘நெய்யாற்றின்’ அதற்கு அடை. இதற்கு ஆங்கிலத்தில் இயல்பாக வருவது ‘தி பேங்க் ஆஃப் தி நெய்யார்’. ‘ஆஃப்’ வந்தால் வரிசை தலைகீழாகும். ஆனால் ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ என்பது ‘என் அப்பாவின் வீடு’ என்ற அதே வரிசை. ஆட்களுக்கும் உயிருள்ளவற்றுக்கும் பெரும்பாலும் இந்த ‘ஸ்’, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ‘ஆஃப்’ என்ற வழக்கைப் பிடித்துக்கொண்டால் முதல் தடை தாண்டிவிடும்.

தலைச்சொல்லுக்கு முன்னால் வரும் பகுதி தமிழருக்கு அவ்வளவு கடினமில்லை. முதலில் ‘எ’, ‘தி’, ‘திஸ்’, ‘மை’ போன்றவற்றில் ஒன்று; பிறகு எண்; பிறகு பண்புச்சொற்கள்; கடைசியில் தலைச்சொல். ‘மை டூ ஓல்ட் அம்ப்ரெல்லாஸ்’ என்பது ‘என் இரண்டு பழைய குடைகள்’ என்ற வரிசையில் அப்படியே போகிறது. கவனிக்க வேண்டியது முடிவில் வரும் பன்மை. தமிழில் ‘இரண்டு குடை’ என்றாலே போதும், எண் இருப்பதால் பன்மை விளங்கிவிடும். ஆங்கிலம் அந்த ‘ஸ்’ இல்லாமல் விடாது. பண்புச்சொற்கள் பல வந்தால் அவற்றுக்குள்ளும் ஒரு முறை உண்டு: பேசுபவரின் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள். ‘எ நைஸ் ஸ்மால் ரவுண்ட் வுடன் டேபிள்’ என்பார்கள். ‘எ வுடன் ரவுண்ட் ஸ்மால் நைஸ் டேபிள்’ என்றால் காதுக்கு ஒட்டாது. ‘ஸ்கூல் பஸ் டிரைவர்’ போன்ற பெயர் அடுக்குகளோ முழுக்கத் தமிழ்த் தொகைகளைப் போலவே கடைசிச் சொல்லைத் தலையாக வைத்துக்கொள்கின்றன.

‘எ’, ‘தி’ இரண்டும் தமிழில் இல்லாதவை என்று சொல்லிவிடுவது வழக்கம். வடிவத்தில் அது சரி; ஆனால் அவை செய்யும் வேலை தமிழுக்கு அந்நியம் அல்ல. ‘அவள் புத்தகம் வாங்கினாள்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘அவள் புத்தகத்தை வாங்கினாள்’ என்றால் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம். முன்னதற்கு ‘எ புக்’, பின்னதற்கு ‘தி புக்’. அஃறிணைச் செயப்படுபொருளில் ஐ உருபு செய்யும் இந்த வேலையை ஆங்கிலம் ஆர்ட்டிகிளைக் கொண்டு எல்லா இடத்திலும் செய்கிறது. இதை வகுப்பில் முதலிலேயே காட்டிவிட்டால் பல வருடக் குழப்பம் குறையும்.

உண்மையான சிக்கல் தலைச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வரும் அடை மூன்று வகை. முதலாவது ‘ஓவர் தி நெய்யார்’ போன்ற பிரிப்பொசிஷன் தொடர். தமிழில் ‘மேல்’, ‘கீழ்’, ‘இடையே’ எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் ‘ஓவர்’, ‘அண்டர்’, ‘பிட்வீன்’ முன்னால் வரும். இது தற்செயல் அல்ல. ஜோசப் கிரீன்பெர்க் 1963இல் முப்பது மொழிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகளில் இந்த வகைச் சொற்கள் பெயருக்குப் பின்னால் வருவதே மிகப் பெரும்பான்மை என்று கண்டார். திராவிட மொழிகளில் அவர் எடுத்துக்கொண்டது கன்னடம்.

இரண்டாவது வகை வினையின் குறுகிய வடிவம். ‘அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்’ என்பது ‘தி கேர்ள் சிட்டிங் தேர்’ ஆகிறது. இதிலும் வரிசை திரும்புகிறது என்பதைத் தவிர அதிகம் சொல்ல இல்லை.

மூன்றாவது, ‘ஹூ’, ‘விச்’ கொண்டு தொடங்கும் துணைவாக்கியம். தமிழில் இதன் வேலையைப் பெயரெச்சம் செய்கிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் இந்தப் பெயரெச்சத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஐரோப்பிய மொழிகளின் ‘ஹூ’, ‘விச்’ இல்லாமலே இம்மொழிகள் தேவையை நிறைவேற்றிக்கொள்வது அவர் கவனத்தில் பட்டது. ‘நேற்று அமரவிளையில் பஸ் ஏறிய பையன்’ என்ற தொடர் ‘தி பாய் ஹூ காட் ஆன் தி பஸ் அட் அமரவிளை யெஸ்டர்டே’ ஆகும்போது, மறுபடியும் கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறோம்.

பெயரெச்சம் எத்தனை சிக்கனமானது என்பதை நன்னூலார் தெளிவாக வரையறுத்திருக்கிறார். அது கொள்ளும் பெயர்கள் ஆறு: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். ‘எழுதிய’ என்ற ஒரே சொல்லை வைத்து எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். மாணவி எழுதினாள், பேனாவால் எழுதினாள், அறையில் எழுதினாள், கடிதத்தை எழுதினாள் என்ற உறவுகளைத் தமிழ் கேட்பவரின் அறிவுக்கே விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது. ‘தி ஸ்டூடன்ட் ஹூ ரோட்’, ‘தி பென் வித் விச் ஷி ரோட்’, ‘தி ரூம் வேர் ஷி ரோட்’, ‘தி டே வென் ஷி ரோட்’, ‘தி லெட்டர் விச் ஷி ரோட்’ என்று ஒவ்வோர் உறவுக்கும் அடையாளம் கேட்கும். ‘நான் படித்த பள்ளி’யை ‘தி ஸ்கூல் விச் ஐ ஸ்டடீட்’ என்று பலர் எழுதுவதன் காரணம் இதுதான். பள்ளியைப் படிக்கவில்லை, பள்ளியில் படித்தோம். அந்த ‘இல்’லை ஆங்கிலத்தில் காட்டியாக வேண்டும். ‘வேர் ஐ ஸ்டடீட்’ அல்லது ‘இன் விச் ஐ ஸ்டடீட்’ என்பதே சரி. பெயரெச்சத்தை மொழிபெயர்க்கும் முன் அதை முழு வாக்கியமாக விரித்து, தலைச்சொல் எந்த வேற்றுமையில் வருகிறது என்று பார்ப்பதே இதற்கு நம்பகமான வழி.

பின்னால் வரும் அடை இன்னொரு பிழைக்கும் இடம் கொடுக்கிறது. ‘தி பஸஸ் ஃப்ரம் நாகர்கோவில் ஆர் லேட்’ என்பதில் வினைக்கு மிக அருகில் நிற்பது நாகர்கோவில்; அது ஒருமை. அதைப் பார்த்து ‘இஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ‘நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ்கள்’ என்று தமிழில் தலைச்சொல் தொடரின் கடைசியில் நின்று வினையைப் பார்ப்பதால் இந்த மயக்கம் குறைவு. ஆங்கிலத்தில் வினை ஒத்துப்போக வேண்டியது தலைச்சொல்லோடு, அருகில் நிற்கும் பெயரோடு அல்ல. ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ்’ என்பதும் இதே கணக்கு.

பெயர்த்தொடர் முழுதாகத் தெரிந்த பிறகு வாக்கிய வரிசை எளிது. ‘டிரைவர் கண்டக்டரைக் கூப்பிட்டார்’, ‘கண்டக்டரை டிரைவர் கூப்பிட்டார்’ இரண்டும் ஒரே செய்தி. யார் யாரை என்பதை உருபு சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்த்தொடர்களும் இடம் மாறினால் கூப்பிட்டவரும் மாறிவிடுவார். பழைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் இருந்தன, வரிசையும் இவ்வளவு கட்டாயமாக இல்லை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதை ஒட்டிய நூற்றாண்டுகளில் அவ்விகுதிகள் தேய்ந்து மறைய, இடமே வேற்றுமையின் வேலையை ஏற்றுக்கொண்டது. ‘ஹி’, ‘ஹிம்’ என்ற இணை அந்தப் பழைய முறையின் மிச்சம்.

எழுவாயை விடவும் முடியாது. ‘வந்தேன்’ என்றாலே தமிழில் யார் என்பது தெரியும். ஆங்கிலத்துக்கு ‘ஐ கேம்’ வேண்டும். மலையாள வினையில் இந்த விகுதி இல்லை: ஞானும் ‘வந்நு’, அவனும் ‘வந்நு’. மலையாளத்திலும் எழுவாய் விடுபடுவதுண்டு. என்றாலும் ஆளைக் காட்ட வினை உதவாது என்பது அமரவிளைப் பிள்ளைக்கு அங்கேயே அறிமுகமாகிவிடுகிறது.

கேள்வியில் பெரும்பாலும் வினையின் ஒரு பகுதி எழுவாய்க்கு முன் ஏறும்: ‘வேர் இஸ் தி ஸ்டேஷன்?’ அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது வரிசை பழையபடி திரும்பும்: ‘டெல் மி வேர் தி ஸ்டேஷன் இஸ்.’ இங்கேயும் ‘தி ஸ்டேஷன்’ என்ற இடத்தில் எத்தனை நீளமான பெயர்த்தொடர் வந்தாலும், வினை அதன் கடைசிச் சொல்லுக்குப் பிறகே வரும்.