பிரசவத்துக்குப் பின் ஹெர்னியா ஆபரேஷன் – என் அனுபவம்

சென்ற மாதம் நம் சங்கத்தின் மகளிர் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளம் தாய் என்னைத் தனியே அழைத்தாள். "அக்கா, உங்களுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆச்சாமே? எனக்கும் குழந்தை பிறந்ததிலேர்ந்து தொப்புள்கிட்ட உருண்டையா ஏதோ வெளியே வருது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலை" என்றாள். மறுநாளே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அவளைப் போல் சொல்லத் தயங்கும் சகோதரிகள் இன்னும் இருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டாவது குழந்தை 2018 செப்டம்பரில் டில்லியில் பிறந்தது. சுகப்பிரசவம்தான். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பத்தாம் நாளே தொப்புளில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தைப் பார்த்தேன். படுத்தால் உள்ளே போகும். இருமினால் வெளியே வரும். அம்மாவிடம் காட்டினேன். "வாயுடீ. லேகியம் சாப்பிடு, வயித்தை இறுக்கக் கட்டு, சரியாயிடும்" என்றார். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியும் விட்டார். வலியில்லாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் அம்மா ஊருக்குப் போனார். நவம்பர் மாதத்து டில்லிப் புகை உங்களுக்குத் தெரியும். எனக்கு விடாத இருமல். மூன்றாவது மாடி வீடு, லிப்ட் கிடையாது. பெரியவனுக்கு மூன்று வயது. அவனையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவேன். ஒரு நாள் காலையில் வீக்கம் உள்ளே போகவில்லை. கல் போல இருந்தது. தாங்க முடியாத வலி, பிறகு வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, "குடல் சிக்கிக்கொண்டிருக்கிறது, இன்றே ஆபரேஷன்" என்றார். குழந்தைக்கு அன்று பத்து வாரம்.

தொப்புள் இருக்கும் இடம் வயிற்றுச் சுவரில் இயற்கையாகவே பலவீனமானது. நாம் கருவில் இருந்தபோது தொப்புள்கொடி நுழைந்த வழி அது. கர்ப்பத்தில் வயிறு விரியும்போது அது மறுபடி திறந்துகொள்ளலாம். டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குவது போல, உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியே பிதுங்குகிறது. லேகியத்தாலோ துணிக் கட்டாலோ அந்த ஓட்டை மூடாது. கட்டு இடுப்புக்கு இதமாக இருக்கலாம், வைத்தியம் ஆகாது.

எல்லா மேடும் ஹெர்னியா அல்ல. பிரசவத்துக்குப் பின் வயிற்றின் நடுத்தசைகள் இரண்டும் விலகி, எழுந்திருக்கும்போது நடுவில் நீளமாக மேடிடுவது பலருக்கு உண்டு. அதில் ஓட்டை இல்லை, குடல் சிக்காது. முறையான உடற்பயிற்சியால் பெரும்பாலும் குறையும். எது எதுவென்று டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்வார். தேவையானால் ஸ்கேன் எடுப்பார். வலியில்லாத சிறிய ஹெர்னியாவுக்கு அவசரமாகக் கத்தி வைக்க மாட்டார்கள். உடல் தேறச் சில மாதம் பொறுப்பார்கள். அடுத்த குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றும் கேட்பார்கள். மறு கர்ப்பத்தில் அது திரும்பவும் வரக்கூடும். ஆனால் வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல் வலித்தாலோ, அதன் மேல் தோல் சிவந்தோ கறுத்தோ போனாலோ, வாந்தி வந்தாலோ, வாயு பிரியாமல் போனாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் அந்தப் பகுதி அழுகிவிடும். என் குடல் தப்பியது, வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஓட்டையை மூடி வலை வைத்துத் தைத்தார்கள்.

நான் முதலில் கேட்ட கேள்வி, "பால் கொடுக்கலாமா?" என்பதுதான். மயக்கம் நன்றாகத் தெளிந்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் நிலை வந்ததும் கொடுக்கலாம் என்றார் மயக்க மருந்து டாக்டர். அன்றிரவே ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தேன். வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுப்ரோபெனும் தந்தார்கள். கோடீன், டிராமடால் ஆகியவற்றைப் பால் கொடுக்கும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும் என்று 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. குழந்தைக்கு அளவு மீறிய தூக்கமும் மூச்சுத் தடையும் வரலாம். சில இருமல் மருந்துகளிலும் கோடீன் உண்டு. எனவே எந்த மருந்து வாங்கினாலும் பால் கொடுப்பதைச் சொல்லியே வாங்குங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் உண்மையான சோதனை. ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று உத்தரவு. கைக்குழந்தையே ஐந்து கிலோ! ஒரு வாளித் தண்ணீர் பதினைந்து கிலோவுக்கு மேல். படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் படுத்தே கிடக்கவும் கூடாது. பிரசவமான புதிதில் காலில் ரத்தம் கட்டும் அபாயம் அதிகம் என்பதால் முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்க வைத்தார்கள். மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டியிருக்கும். அது தையலுக்கு ஆகாது. பத்தியம் என்று தண்ணீரையும் கீரை, பழங்களையும் குறைத்தது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவதையும் நிறுத்தினேன்.

பெரியவன்தான் என்னை அழவைத்தான். "தம்பியை மட்டும் வெச்சுக்கறே, என்னைத் தூக்க மாட்டேங்கறியே" என்றான். நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அவனே ஏறி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்படி பழக்கினேன். நான்கைந்து நாளில் அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

கணவர் பத்து நாள் லீவு போட்டார். அதற்கு மேல் கிடைக்கவில்லை. எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் உதவி கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. மனதைத் தேற்றிக்கொண்டு கேட்டேன். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கோபித்துக்கொண்டார்! தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். நம் லேகியம் போல அவர்களுக்குப் பஞ்சீரி. அதையும் ஒரு டப்பா கொண்டுவந்தார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைமுறையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பத்தாம் நாளே டாக்டரிடம் காட்டியிருந்தால், நள்ளிரவு ஆபரேஷனுக்குப் பதில் நாள் பார்த்து, அம்மாவும் உடனிருக்கச் செய்துகொண்டிருக்கலாம். தாய்வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நமக்கு இது முக்கியம். சகோதரிகளே, உடம்பில் மாற்றம் கண்டால் மறைக்காதீர்கள். உதவி வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறக்காத கதவை நான் இதுவரை பார்க்கவில்லை.