மலைப்பாதையில் மழலைக்கு ஒரு காப்பு

மன்னார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கு ஏறும் சுரப் பாதையை அறியாதவர் அகளி வட்டாரத்தில் இலர். ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் ஆழ்ந்த பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. மழைக்காலத்தில் மண்ணும் மரமும் சரிந்து வழி மறிப்பதும் உண்டு. சுரம் ஏறி முக்காலியைக் கடந்தால் தாவளம், அப்பால் அகளி. கிழக்கே சென்றால் கோட்டத்தறை, ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர். மருத்துவம், படிப்பு, சந்தை, திருமணம் என எதன்பொருட்டும் இவ்விரு வழிகளில் ஒன்றையே நாம் நாடுகின்றோம்.

இவ்வழியிற் செல்லும் ஜீப்புகளிலும் கார்களிலும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கைக்குழந்தையுடன் ஒரு தாய் வந்தால், முன்னிருக்கையில் இருப்பவர் எழுந்து அவளுக்கு இடம் தருவார். “முன்னால் உட்கார், அம்மா, காற்று வரும், குழந்தை வாந்தி எடுக்காது” என்பார். தாயும் நன்றியுடன் அமர்ந்து, குழந்தையை மடியில் இருத்தி, இரு கைகளாலும் அணைத்துக் கொள்வாள். இந்த அன்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் வண்டிக்குள் குழந்தைக்கு மிகுந்த இடர் தரும் இடம் எதுவென்று கேட்டால், முன்னிருக்கையில் அமர்ந்த தாயின் மடி என்றே விடை கூற வேண்டியிருக்கின்றது. அஃது ஏன் என்பதை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

ஓடும் வண்டியில் அமர்ந்திருப்பவரும் வண்டியின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றார். வண்டி எதிலேனும் மோதி நின்றால், நிற்பது வண்டி மட்டுமே. உள்ளே இருப்பவரின் உடல் முன்னைய வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். கண்ணாடியோ, கம்பியோ, முன்னிருக்கையோ தடுக்கும் வரையில் அப்பாய்ச்சல் நில்லாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வாறு மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள தென்னையின் உச்சியிலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பாகும்.

“சுரத்தில் யார் அவ்வளவு வேகமாகப் போகின்றார்கள்? 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லையே!” என்று நேயர் கேட்கலாம். 30 கிலோமீட்டர் வேகமும் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீட்டுக் கூரையிலிருந்து தலைகீழாக விழ யாரேனும் ஒப்புவரா? இதனைக் குழந்தையின் எடையோடு சேர்த்துப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் 85 கிலோ எடை போலத் தாயின் கைகளை இழுக்கும். 50 கிலோமீட்டரானால் அது 140 கிலோ ஆகிவிடும். எதிர்பாராத கணத்தில் ஒரு நெல் மூட்டையைக் கைகளால் பிடித்து நிறுத்த வல்லவர் யார்? தாயன்பு எவ்வளவு பெரிதாயினும் தசைக்கும் எலும்பிற்கும் ஓர் எல்லை உண்டு. தாயும் வார் அணியாதிருந்தால் கேடு இரட்டிப்பாகும். அவளுடைய முழு எடையும் குழந்தையின் மேல் சாய்ந்து அதனை நசுக்கும்.

முன்னிருக்கைக்கு மற்றோர் இடரும் உண்டு. புதிய கார்களில் முன்னே அமர்வோருக்கெனக் காற்றுப்பை வைக்கப்பட்டிருக்கின்றது. ஏர்பேக் என்று நாம் வழங்கும் அப்பை, மோதிய மாத்திரத்தில் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கிற்குள் வெடித்து விரியும். வார் அணிந்த வளர்ந்தவரின் மார்பைத் தாங்குவதற்காக அது அமைக்கப்பட்டது. அதற்கும் தாய்க்கும் இடையில் குழந்தை இருந்தால், அப்பை குழந்தையின் முகத்தையும் கழுத்தையும் அறையும். 2024 செப்டம்பரில், நம் அண்டை மாவட்டமான மலப்புறத்தில், முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இவ்வாறு விரிந்த காற்றுப்பையால் உயிர் நீத்தது. அச்செய்தி கேரளம் முழுவதையும் கலங்கச் செய்தது.

இனி, சீட் பெல்ட் எனப்படும் இருக்கை வாரைப் பற்றிச் சிறிது கூறுவோம். இன்று எல்லாக் கார்களிலும் காணப்படும், மூன்று இடங்களில் பிணைக்கப்பட்ட வாரை 1959-இல் அமைத்தவர் சுவீடன் நாட்டின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் என்பவர். அவர் அதற்கு முன் போர் விமானங்களிலிருந்து விமானியை வெளியே எறியும் இருக்கைகளை அமைத்து வந்தவர். தம் நிறுவனத்திற்கே உரிய அந்த அமைப்பைப் பிற நிறுவனத்தாரும் தடையின்றிப் பயன்படுத்த வால்வோ இசைந்தது. 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், வார் அணிவதைச் சட்டத்தால் கட்டாயமாக்கி உலகிற்கு வழிகாட்டியது.

வாரின் வேலை, மோதலின் விசையை உடலின் வலிய எலும்புகளின்மீது பரப்புவதாகும். ஆகவே அதனை அணியும் முறையும் இன்றியமையாதது. கீழ் வார் வயிற்றின்மேல் கிடவாது, இடுப்பெலும்பின்மேல் தாழ்ந்து படிய வேண்டும். மேல் வார் தோளின் நடுவே, காறை எலும்பின்மேல் சென்று மார்பைக் கடக்க வேண்டும். அக்குளுக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னேயோ அதனைத் தள்ளிவிடலாகாது. கருவுற்ற தாய்மாரும் வார் அணிதல் வேண்டும். கீழ் வாரை வயிற்றின் அடியில், தொடைகளின் மேற்புறத்தை ஒட்டி அமைத்துக் கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு வாரே; இருவரை ஒரு வாருக்குள் அடக்குவது தீங்கு.

மலைப்பாதையில் ஓட்டுவோர் சிலர், “சரிவில் வார் இறுகிக்கொள்கின்றது, கெட்டுவிட்டது” என்று அதனைக் கழற்றிவிடுவர். வாரைச் சுருட்டி வைக்கும் உருளைக்குள் ஒரு பூட்டு உண்டு. வண்டி திடீரென நின்றாலும், மிகச் சாய்ந்தாலும், வாரை வெடுக்கென இழுத்தாலும் அப்பூட்டு விழும். எனவே சரிவில் இறுகும் வார் தன் கடமையைச் செய்கின்றது என்றே கொள்ள வேண்டும். மெல்ல உள்ளே விட்டு மீண்டும் மெதுவாக இழுத்தால் அது நெகிழ்ந்து கொடுக்கும்.

பின்னிருக்கையில் இருப்பவருக்கு வார் வேண்டா என்பது பரவலான தவறு. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் வார் அணியாமையால் இந்நாட்டில் உயிரிழந்தோர் 16,715 பேர். அவர்களுள் ஓட்டுநர் 8,384 பேர். உடன் சென்றோர் 8,331 பேர். ஏறக்குறைய பாதிக்குப் பாதி! அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று, மும்பையை அடுத்த பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்டார். விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் இருந்த அவர் வார் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறையினர் தெரிவித்தனர். வண்டியின் விலை, அணியாத வாருக்கு ஈடாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வளர்ந்தவருக்கென அமைந்த வார் குழந்தைக்குப் பொருந்தாது. மேல் வார் அதன் கழுத்தை அறுக்கும்; கீழ் வார் இடுப்பில் நில்லாது மேலேறிக் குடலைக் காயப்படுத்தும். ஆதலின் குழந்தைக்கெனத் தனி இருக்கை தேவை. 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்டில் ஆல்ட்மன், விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில் மேலெழுவதைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையை வகுத்தார். பச்சிளங் குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்னோக்கி அமர்ந்தால் மோதலின்போது தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து முறியக்கூடும். பின்னோக்கி அமர்ந்தால் தலையும் முதுகும் ஒன்றாக இருக்கையில் பதிந்து விசையைத் தாங்கும்.

முறை இதுதான். பிறந்தது முதல் குறைந்தது 15 மாதம் வரை, இயலுமாயின் அதற்கு மேலும், பின்னிருக்கையில் பின்னோக்கிய தனி இருக்கை. காற்றுப்பை உள்ள முன்னிடத்தில் அதனை ஒருபோதும் வைக்கலாகாது. அதன்பின் ஏறக்குறைய நான்கு வயது வரை, தோள்வார் கொண்ட முன்னோக்கிய இருக்கை. பிறகு 135 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை, குழந்தையை உயர்த்தி வாரைச் சரியான இடத்தில் படியச் செய்யும் மேடை இருக்கை. இதனைக் கடைகளில் பூஸ்டர் என்பர். தோள்வார் குழந்தையின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல்களால் கிள்ளினால் வாரில் மடிப்பு விழலாகாது. அட்டப்பாடியின் குளிர்ந்த காலைகளில் தடித்த சட்டையையோ கம்பளியையோ வாருக்குள் திணிக்காமல், வாரைப் பூட்டிய பின் மேலே போர்த்துவதே நன்று. ஒருமுறை விபத்திற்குள்ளான இருக்கையை இரவல் வாங்கலாகாது. இத்தகைய இருக்கைகள் கைக்குழந்தைகளின் இறப்பை 71 விழுக்காடு வரை குறைக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆ பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை வாராலோ தனி இருக்கையாலோ பிணிக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றது. மலப்புறத்துத் துயரத்தின் பின், 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர், குழந்தை இருக்கை இல்லாதோரிடம் டிசம்பர் முதல் அபராதம் வாங்கப்படும் என அறிவித்தார். சில நாட்களிலேயே போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமார், உடனடியாக அபராதம் இல்லை என்றும், மக்களுக்கு விழிப்பூட்டலே நோக்கம் என்றும் விளக்கினார். இருக்கைகள் எளிதிற் கிடைப்பதில்லை, விலையும் எளியோர்க்கு எட்டுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் அபராதத்தைத் தள்ளிவைக்கலாம். மோதலின் விசையைத் தள்ளிவைக்க எந்த அமைச்சராலும் இயலாது.

சட்டங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நமக்கு, இத்தகைய இருக்கையைக் குறிக்க ஒரு சொல் தேட வேண்டியிருந்தது. ‘கட்டு’ என்றும் ‘தடை’ என்றும் எழுதிப் பார்த்தோம். குழந்தையைக் கட்டிப் போடுவதா என்று தாயின் உள்ளம் சுருங்கும் எனத் தோன்றியது. நம் வீடுகளில் குழந்தையின் கையில் அணிவிக்கும் வளையைக் காப்பு என்கின்றோம். தீமை அணுகாதிருக்கக் கட்டுவதும் காப்பே. அவ்வாறே இதனையும் ‘காப்பிருக்கை’ என்றால் பொருள் விளங்கும்.

காப்பிருக்கை இல்லாத ஜீப்பில் என் செய்வது? உள்ளவற்றுள் நல்லதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னிருக்கையைத் தவிர்த்து, முன்னோக்கிய பின்னிருக்கையில் அமர்க. பக்கவாட்டுப் பலகைகளிலும் பின்கதவை ஒட்டியும் குழந்தைகளை இருத்தலாகாது. சற்று வளர்ந்த குழந்தைக்குத் தனியே ஒரு வாரை இடுப்பெலும்பில் தாழ்த்திப் பூட்டுக. மேல் வார் கழுத்தில் உராய்ந்தால், குழந்தையை வாரின் பூட்டுப் பக்கமாகச் சற்று நகர்த்தி அமர்த்துக. கைக்குழந்தையை மடியில் கொள்வது தவிர வேறு வழியே இல்லையெனில், தாய் தான் வார் அணிந்து, குழந்தையை வாருக்கு வெளியே அணைத்துக் கொள்க. தன் வாருக்குள் சேர்த்துக் கட்டினால் தாயின் எடையே அதனை நசுக்கும். வண்டிக்குள் தூளி கட்டுதல் வேண்டா. ஓட்டுநரிடம் மெதுவாகச் செல்லுமாறு சொல்ல நாணவும் வேண்டா. இவை யாவும் காப்பிருக்கைக்கு ஈடாகா. இடரைச் சிறிது குறைப்பன மட்டுமே. ஒரு குடும்பத்தால் வாங்க இயலாததைப் பத்துக் குடும்பங்கள் கூடி வாங்கலாம். நெடுவழி செல்லும் குழந்தைக்கு அதனை முறைவைத்து இரவல் தரலாம். வாடகை வண்டிக்காரர் ஒருவர் ஓர் இருக்கையை வாங்கி வைத்தால், தாய்மார் அவர் வண்டியையே தேடி வருவர் என்பதில் ஐயமில்லை.

2013-ஆம் ஆண்டில் அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் ஊட்டக்குறைவால் அடுத்தடுத்து மாண்டதை நாடு மறந்திருக்க இயலாது. ஒவ்வொரு குழந்தையையும் காப்பாற்ற அதன்பின் மருத்துவரும் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் எவ்வளவோ பாடுபட்டு வருகின்றனர். எடை பார்த்து, ஊசி போட்டு, சத்துணவு ஊட்டி வளர்க்கும் அக்குழந்தை, கோட்டத்தறை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நம் பாதுகாப்பில்தானே இருக்கின்றது?

ஆகவே, அடுத்த முறை கைக்குழந்தையுடன் ஒரு தாய் வண்டியேறும்போது, முன்னிருக்கையை விட்டுத்தரும் நல்லுள்ளத்தைப் பின்னிருக்கையை விட்டுத்தருவதில் காட்டுவோம். “பின்னால் உட்கார், அம்மா, முதலில் வாரைப் பூட்டிக்கொள்” என்று சொல்வோம். குழந்தை வாந்தி எடுத்தால் துடைத்துக் கொள்ளலாம். உயிர் போனால் மீட்க இயலாது.