மேகக் கணினியில் ஒரு வாயிலை மூடுதல்

கேகாலைத் தோட்டமொன்றின் இறப்பர் இலைப் படத்தைப் பார்த்து நோயை இனங்காணும் கணினி மாதிரியொன்று, அமேசான் 2017இல் தொடங்கிய சேஜ்மேக்கர் சேவையில் இயங்குவதாகக் கொண்டால், படத்தை வாங்கி விடை தரும் அதன் இணைய வாயிலே எண்ட்பாயிண்ட் எனப்படுகிறது. எந்நேரமும் இயங்கும் வகையைச் சேர்ந்த எண்ட்பாயிண்ட், ஒரு படமும் வராத நாளிலும், காத்திருப்புக்கும் காசு கேட்கும் வாடகை வாகனம்போலக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதை நீக்கப் பயனர் பக்க நிரல் அனுப்பும் கோரிக்கை மிகச் சிறியது: செய்யவேண்டிய செயலின் பெயரும் எண்ட்பாயிண்டின் பெயரும், அனுப்புபவர் உரிமையுள்ளவர்தான் என்று காட்டும் மின்கையொப்பமும் அதில் இருந்தாற் போதும், சேமித்த மாதிரியும் அமைவுக் குறிப்பும் அதனால் அழிவதில்லை. கூகிள் 2021இல் அறிமுகப்படுத்திய வேர்டெக்ஸ் சேவையோ, ஏற்றிவைத்த மாதிரியை முதலில் இறக்கிய பிறகே வாயிலை அழிக்க விடுகிறது. அவசரத்தில் பெயரைப் பிழையாகத் தட்டுவோரை எண்ணினால், இந்தக் கெடுபிடி வேண்டியதுதான்.