ரூ.499-க்கு விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயா? தபாலில் வரும் "அபூர்வ" நாணயங்கள்: தாம்பரம் வட்டாரவாசிகளே, உஷார்!

தாம்பரம்:

பழைய நாணயம் சேர்ப்பது ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உள்ள பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இன்றைக்கு தாம்பரம் பிளாட்பாரத்தில் மின்சார ரெயிலுக்குக் காத்து நிற்கும் குமாஸ்தாவுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

ஆசை தப்பில்லை. ஆனால் அந்த ஆசையைக் குறிவைத்து ஒரு கூட்டமே வலைவிரித்து உட்கார்ந்திருக்கிறது.

செல்போனைத் திறந்தால் விளம்பரம். "விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய். அசல். ரூ.499 மட்டும். வீட்டுக்கே வரும். பார்சல் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்."

499 ரூபாய்தானே, போனால் போகிறது என்று விரல் தானாக அமுக்கிவிடும்.

குரோம்பேட்டையில் ஒரு குமாஸ்தா இப்படி அமுக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் அவர் ஆபீசில் இருக்கும்போது பார்சல் வரும். வீட்டில் அம்மா மட்டும்.

"பார்சல் வந்திருக்கும்மா. 499 ரூபா குடுங்க."

"பிரிச்சுப் பாத்துட்டுக் குடுக்கறேனே தம்பி?"

"அதெல்லாம் முடியாதும்மா. பணத்தைக் குடுத்துட்டுத்தான் பிரிக்கணும்."

பணம் போகும். சாயந்திரம் குமாஸ்தா வந்து பிரிப்பார். உள்ளே ராணி தலை போட்ட நாணயம் பளபளவென்று மின்னும். நூற்றைம்பது வருஷம் கை மாறிய காசு நேற்று அச்சடித்த மாதிரி மின்னுவது எப்படி என்று அப்போதுதான் முதல் சந்தேகம் வரும். தெருமுனை நகைக்கடையில் கொண்டு போய்க் காட்டினால், "இது வெள்ளியே இல்ல சார்" என்று பதில் வரும்.

அன்று செங்கல், இன்று வெள்ளி முலாம்

இந்த வித்தை புதுசு இல்லை. வி.பி.பி. தபால் கொடிகட்டிப் பறந்த நாளில், மலிவு விலை டிரான்சிஸ்டர் என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்துப் பணம் கட்டியவர்களுக்கு செங்கல் வந்த கதை ஊரறிந்தது. பணம் கட்டினால்தான் தபால்காரர் பொட்டலத்தைக் கொடுப்பார். கட்டிய பணம் அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதே சூத்திரம்தான் இப்போது கூரியர் பையன் கையில் இருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசம். செங்கல் வந்தால் ஏமாந்தது அன்றைக்கே தெரிந்துவிடும். போலி நாணயம் வந்தால் பல பேருக்கு ஆயுசு முழுக்கத் தெரியாது. பீரோவில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். பிள்ளை கல்யாணத்துக்கு விற்கப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தராசைக் கேளுங்கள்

வெள்ளைக்காரன் காலத்து ரூபாய்க்கு ஒரு கணக்கு உண்டு. எடை 11.66 கிராம். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாயில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்க வேண்டும்.

வெள்ளி விலை கிராமுக்கு 100 ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட காலம் இது. அப்படியென்றால் அந்த நாணயத்தை உருக்கினாலே ஆயிரம் ரூபாய்க்கு மேல் தேறும். உருக்கி விற்றாலே இத்தனை கிடைக்கும் பொருளை, தபால் செலவும் போட்டு, 499-க்கு உங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து கொடுக்க அந்த ஆசாமி என்ன தர்மப்பிரபுவா?

இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிப் பேர் தப்பித்துவிடலாம்.

வருஷத்தையும் பார்க்க வேண்டும். 1862 முதல் 1876 வரை விக்டோரியா ரூபாயில் "குயீன்" என்றுதான் இருக்கும். 1877-க்குப் பிறகுதான் "எம்ப்ரஸ்". 1862 என்று போட்டு எம்ப்ரஸ் என்று எழுதியிருந்தால், அதை அச்சடித்தவனுக்கு சரித்திரம் தெரியாது என்று அர்த்தம்!

1940-ல் யுத்த நெருக்கடியில் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ம் வருட ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி போட்டிருக்கும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது, நிக்கலை இழுக்கும். ஆகவே 1947-ம் வருட ரூபாயை "சுதந்திர வருஷத்து வெள்ளி" என்று யாராவது விற்றால், ஒரு சின்னக் காந்தம் போதும், சாயம் வெளுத்துவிடும்.

1939-ம் வருட ரூபாய் கதையே வேறு. அது நிஜமாகவே அபூர்வம். அடித்ததில் பெரும்பகுதி வெளியே வராமல் உருக்கப்பட்டுவிட்டது. அதனால் விலை எக்கச்சக்கம். விலை இருக்கிற இடத்தில் கைவரிசையும் இருக்கும். 1938-ம் வருட ரூபாயில் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய போலிகள் உண்டு. இந்த ரூபாயைப் போட்டோவில் பார்த்து வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கிற மாதிரி.

இன்னொரு விஷயம். அசல் நாணயமே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். உடனே புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பித்தளைக் குத்துவிளக்கு வேறு, பழைய நாணயம் வேறு. தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தை வியாபாரி கையால் தொடமாட்டார், தொட்டாலும் விலையைப் பாதியாக்கிவிடுவார். கொழகொழ பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாலும் நாளடைவில் பச்சைப் பிசுக்கு பிடித்துவிடும்.

ராமர் காசு

கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரையணா. ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன். பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். விலை சில நூறில் ஆரம்பித்து சில லட்சம் வரை சொல்லுவார்கள். 1616, 1717 என்று வருஷம் போட்ட காசுகளும் உண்டு.

கம்பெனி இப்படி ஒரு அரையணாவை ஒருநாளும் வெளியிடவில்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாயை அது அடிக்க ஆரம்பித்ததே 1835-ல்தான். இந்த ராமர் காசெல்லாம் பிற்காலத்தில் யாரோ அச்சடித்த வில்லைகள். பூஜையில் வைத்துக் கும்பிட்டால் குற்றமில்லை. சொத்து என்று நினைத்தால்தான் வம்பு. சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகனில் பெருமாள் உருவம் உண்டு என்பது நிஜம். அது தங்கம், அது வேறு ஜாதி. அந்தக் கதையைச் சொல்லி இந்தச் செம்பை விற்பதுதான் பேர்வழிகளின் சாமர்த்தியம்.

இதே காசை "இரிடியம்", "அரிசியை இழுக்கும்" என்று சொல்லி லட்சக்கணக்கில் பறிப்பவர்களும் உண்டு. அரிசியில் இரும்புத்தூளைக் கலந்து, காசுக்குள் காந்தத்தை மறைத்து வைத்தால் எந்த அரிசியும் ஓடி வரும்!

விற்கப் போனவர் கதை

வாங்குகிறவர் மட்டுமா ஏமாறுகிறார்? 2021 ஜூன் மாதம் பெங்களூரில் ஒரு பள்ளி ஆசிரியை, தன்னிடம் இருந்த 1947-ம் வருட நாணயத்தை 10 லட்சத்துக்கு விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். ஒரு ஆசாமி ஒரு கோடி தருவதாக வந்தான். அதற்கு வரி கட்ட வேண்டும் என்றான். தவணை தவணையாக ஆசிரியை கட்டியது சுமார் ஒரு லட்சம். கோடியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒரு கோடி கொடுக்கப் போகிறவன் அதில் ஒரு லட்சத்தைக் கழித்துக்கொண்டு கொடுக்கலாமே என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது போலிருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை, தன் பெயரில் கமிஷன் வாங்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று தெள்ளத்தெளிவாகச் சொன்னது. வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் நாணயம், 786 நம்பர் நோட்டு, டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு எல்லாம் லட்சத்துக்குப் போகும் என்று இன்னும் செல்போனில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மூடி மறைப்பதுதான் பேர்வழிகளுக்கு மூலதனம். இணையத்தில் பணம் போனால் 1930 என்ற நம்பருக்கு உடனே போன் போட வேண்டும். தாம்பரத்துக்கு 2022 ஜனவரியில் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமே வந்துவிட்டது, பட்டணத்துக்கு அலைய வேண்டியதில்லை. போலிச் சரக்கு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கடைக்காரர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் வருட சட்டம் சொல்கிறது. பார்சல் உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். அனுப்பியவர் விலாசம் அதில்தான் இருக்கிறது. பிரிக்கும்போது செல்போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் தபாலில் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். அரசாங்கமே விற்கிறது. மத்திய அரசின் நாணயச்சாலைகள் நினைவு நாணயங்களை இணையத்தில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு அனுப்புகின்றன. 1964-ல் நேரு படம் போட்ட ரூபாயில் ஆரம்பித்த வரிசை இது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 1,000 ரூபாய் நாணயம் வந்தது. கலைஞர் நூற்றாண்டுக்கு 2024 ஆகஸ்டில் 100 ரூபாய் நாணயம் வந்தது. நாணயத்தில் போட்டிருக்கும் மதிப்பு ஒன்று, விற்கும் விலை அதைவிட அதிகம். பணம் கட்டிவிட்டு சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் போலி வராது. ஆரம்பக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

தனியார் வியாபாரிகளிலும் நாணயமானவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துப் போடுவார்கள், எடையைச் சொல்லுவார்கள், பிடிக்கவில்லை என்றால் இத்தனை நாளில் திருப்பி அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுப்பார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு கடையைப் பார்க்கலாம். "புதையலில் கிடைத்தது" என்று ரகசியமாகச் சொல்லும் ஆளிடம் பேச்சே வேண்டாம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் 1972-ம் வருட பழம்பொருள் சட்டத்தில் வரும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கிறேன் என்று கிளம்பினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பழசு என்றாலே விலை என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. இதற்கு சென்னைக் காசே சாட்சி. சென்னை ராஜதானியில் புழங்குவதற்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பட்டறையில் 1808-ல் 10 காசு, 20 காசு என்று செம்பு நாணயம் அடித்தார்கள். அதை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிவிட்டது. 1980-களில் கடலுக்குள் இறங்கியவர்கள் லட்சக்கணக்கில் அந்தக் காசை அள்ளி வந்தார்கள். சென்னைக்கு வர வேண்டிய காசு இன்றைக்கு உலகம் முழுக்கத் தபாலில் விற்பனை! 200 வருஷத்துக்கு மேல் ஆன காசுதான். இருந்தும் விலை சாமானியன் வாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது. லட்சக்கணக்கில் கிடைத்த பொருளுக்கு யார் லட்சம் கொடுப்பார்கள்?

வாங்குவதற்கு முன்னால் கண்ணைப் பழக்கிக்கொள்ள எழும்பூர் மியூசியம் இருக்கிறது. அசல் எப்படி இருக்கும் என்று நாலு தடவை போய்ப் பார்த்தவனை ஏமாற்றுவது கஷ்டம். நம் வட்டாரத்திலேயே பல்லாவரம் சந்தையும் இருக்கிறது. பழைய பேன், பழைய சைக்கிள், பழைய பாத்திரத்துக்கு நடுவே பழைய காசும் வரும். அங்கேயும் போலி உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பேரம் பேசி, பிடிக்காவிட்டால் கீழே வைத்துவிட்டு வரலாம். பையில் ஒரு காந்தமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். சந்தை வெள்ளிக்கிழமை மட்டும்.