காரில் துப்பாக்கி, வழியில் காபி

நியூயார்க் நகரத்தில் வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும் கைத்துப்பாக்கி உரிமம் உண்டு. பயிற்சிக்குக் காரில் கொண்டுபோகணும்னா குண்டு நிரப்பாமல், பூட்டிய பெட்டியில், தோட்டாவைத் தனியாக வைக்கணும். இதெல்லாம் நியாயம்தான். ஆனா போகிற இடமும் நகரத்துக்குள் இருந்த 7 சுடுதளங்களில் ஒன்றாக இருக்கணும்னு பழைய விதி. ஹட்சனைத் தாண்டி நியூஜெர்சி போனால் விதிமீறல்!

துப்பாக்கி வைத்திருப்போர் சங்கம் வழக்குப் போட்டுக் கீழே தோற்றது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றதும், நகரமும் மாநிலமும் அவசரமாக விதியை மாற்றிவிட்டன (சாமர்த்தியம்!). கேட்டது கிடைத்துவிட்டதால் பழைய விதியைப் பற்றித் தீர்ப்பே சொல்லாமல் 2020 ஏப்ரலில் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

புது விதிப்படி எங்கும் நிற்காமல் போகணுமாம். அப்போ வழியில் காபி குடிக்க, பெட்ரோல் போட நிறுத்தலாமா? நிறுத்தலாம்னு நகரத் தரப்பு சொன்னது. அந்தக் கேள்வியையும் கீழ் நீதிமன்றத்துக்கே தள்ளிவிட்டார்கள்.