தடுப்பூசித் தேதிக்கு ஒரு புரோகிராம்

தையற்காரரிடம் துணியைக் கொடுத்து, "நன்றாகத் தைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோமா? அளவு ரவிக்கை கொடுப்போம். கை நீளம், கழுத்து இறக்கம் சொல்வோம். வாங்கும்போது போட்டும் பார்ப்போம். இந்தப் பழக்கம் இருந்தால் போதும், சகோதரிகளே, நீங்களும் கம்ப்யூட்டர் புரோகிராம் செய்யலாம்!

நான் பிளஸ் டூவோடு நின்றவள். கோடு ஒரு வரி தெரியாது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏ.ஐ. உதவியாளர்களிடம் வேண்டியதைத் தமிழில் சொன்னால், கோடு எழுதும் வேலையை அவை பார்த்துக்கொள்கின்றன.

என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்தவுடன் போடுவது போக, 6, 10, 14 வாரங்களில் ஊசியும் சொட்டு மருந்தும் உண்டு. எங்கள் பக்கம் புதன்கிழமைதான் ஊசி நாள். நான் போனில் எழுதியது இதுதான்:

"பிறந்த தேதி கொடுத்தால் 6, 10, 14 வாரம் முடியும் நாளைக் காட்டும் பக்கம் வேண்டும். அன்று புதன் இல்லையென்றால் அதற்குப் பின் வரும் புதனையும் காட்டு. மாதத்தை எழுத்தில் போடு."

மாதத்தை ஏன் எழுத்தில்? 3-4 என்று போட்டால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? அமெரிக்காவில் மாதத்தை முன்னால் போடுவார்கள்.

ஒரே நிமிடத்தில் அழகான பக்கம் வந்துவிட்டது. அழகைப் பார்த்து மயங்கக்கூடாது! வாரக் கணக்கில் ஒரு சௌகரியம்: குழந்தை பிறந்த கிழமைதான் 6 வாரம் கழித்தும் வரும். 2025 ஜனவரி 1 புதன் கொடுத்தேன். பிப்ரவரி 12 புதன் வந்தது. சரி. ஜனவரி 2 வியாழன் கொடுத்தேன். 6 வாரம் முடிவது பிப்ரவரி 13. ஆனால் ஊசிக்கு முந்தின நாள் புதனைக் காட்டியது! பக்கத்தில் இருக்கும் புதனைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. 6 வாரம் முடியுமுன் போடக்கூடாதே.

"தப்பு" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. என்ன கொடுத்தோம், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று மூன்றையும் எழுத வேண்டும். "பிப்ரவரி 12 வருகிறது, 19 வர வேண்டும்" என்றேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. (மன்னிப்புக்குக் குறைவே கிடையாது!) பிறகு ஏழு கிழமையும் கொடுத்துப் பார்த்தேன்.

கோடையே பார்க்காமல் இப்படிச் செய்வதற்கு 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்ப்பதி என்ற நிபுணர் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். பொழுதுபோக்காகச் செய்து தூக்கிப்போடும் வேலைக்குத்தான் அது சரி என்ற பொருளில் அவரே எழுதினார். ஊசித் தேதி அப்படியா? அதனால் ஆஸ்பத்திரி அட்டையோடும் ஒத்துப் பார்த்தோம். மாறுபட்டால் அட்டைதான் சரி.

பிறந்த தேதி போதும். பெயரும் ஆதார் எண்ணும் அதற்கு எதற்கு?

"பெரியம்மா, காய்ச்சல் மருந்து அளவுக்கும் ஒன்று செய்யலாமா?" என்றாள். கூடாது என்றுவிட்டேன். குழந்தையின் எடையையும் பாட்டிலில் உள்ள மருந்தின் வீரியத்தையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது அது.

அடுத்து 9 மாத ஊசியைச் சேர்க்க வேண்டும். மே 31ல் பிறந்த குழந்தைக்கு 9 மாதம் என்று முடியும்? பிப்ரவரியில் 31 இல்லையே! நர்ஸம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் சேர்க்கப் போகிறேன்.