வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே…

நீங்கள் திருச்சி பாலக்கரையில் வசித்தாலும், காவிரிப் பாலத்துக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் வசித்தாலும், முப்பது வயதைக் கடந்திருந்தால் இந்தச் செய்தி உங்களுக்குரியது.

மணப்பாறையைத் தாண்டினால் திண்டுக்கல் மாவட்டம். அங்கே ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ நிலையமும், பிரான்சு நாட்டு லியோன் நகரின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்கள் 31,343 பேருக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யப்பட்டது. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர், அதாவது பெண்கள்! ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்று அஞ்சியே நம்மில் எத்தனை பேர் வலியை மறைத்து வாழ்கிறோம்?

பரிசோதனை எளியது. வினிகரைப் போன்ற அசெட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதலடைந்த செல்கள் வெண்திட்டாகத் தெரியும். அது புற்றுநோயன்று, கவனியாது விட்டால் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாகக்கூடியது. உறைகுளிர்ச் சிகிச்சையால் அப்பகுதியை உறைய வைத்து அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

பலன் என்ன? 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்குரிய ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், இதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அத்தனை தாய்மார்கள் தம் பிள்ளைகளோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ். தாம்பத்திய உறவில் தொற்றுவது, மிகச் சாதாரணமானது. பெரும்பாலோருக்குத் தானே மறைந்துவிடும். சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கும். எனவே திட்டு தெரிந்தது என்பதற்காக மனைவியையோ கணவரையோ சந்தேகிப்பது பெரும் அநீதி. இந்தப் பேச்சுக்குப் பயந்தே சிகிச்சைக்குப் போகாதவர்கள் உண்டு.

மாதவிலக்கு இல்லாத நாளில் செல்லுங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். உறைகுளிர்ச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் நீர் கசியும். சுமார் நான்கு வாரம் தாம்பத்தியத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். அந்நாட்களில் தொழுகைக்கான சுத்தம் குறித்து உங்கள் ஊர் ஆலிமிடம், வெட்கமாயிருந்தால் அவருடைய மனைவி மூலமாகவேனும், கேட்டுக்கொள்ளுங்கள்.